பதினெட்டாவது சாவு

குரோம்பேட்டை ஜீவரத்தினம் பதினேழு படங்களில் ஒழுங்காகச் செத்தவர். குதிரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறார், பாறை உருண்டு செத்திருக்கிறார், கதாநாயகன் கையால் நெஞ்சிலும் முதுகிலும் சுடப்பட்டுச் செத்திருக்கிறார். பதினெட்டாவது சாவில்தான் கோளாறு ஆகிவிட்டது.

ஆறடி உயரம், பூனைக்கண், சிவந்த தோல். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அவர் தோல் கம்பெனி ஆபீசில் டெஸ்பாட்ச் கிளார்க்காகவே ரிட்டயர் ஆகியிருப்பார். 1982-ல் ஒருநாள் பல்லாவரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவர் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது வேதாசலம் அவரைப் பார்த்தார். தையல்நாயகி பிக்சர்ஸ் என்று அம்மா பெயரில் கம்பெனி வைத்து, தானே படம் எடுத்து, தானே டைரக்ட்டும் செய்தவர் இந்த வேதாசலம். கௌபாய் படங்களின் காலம் தமிழ்நாட்டில் எப்போதோ மலையேறியிருந்தது. அந்தச் செய்தியை வேதாசலத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். வருஷத்துக்கு இரண்டு மூன்று எடுத்து டூரிங் டாக்கீஸ்களில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தொப்பி வெச்சா அசல் வெள்ளைக்காரன் சார் நீங்க" என்றார் வேதாசலம்.

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்க."

"அதை நான் பாத்துக்கறேன். குதிரை ஏறுவீங்களா?"

ஜீவரத்தினம் ஏறுவேன் என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று கடைசிவரை அவருக்கே விளங்கவில்லை. இடி இடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருகிற மனுஷன் அவர். பல்லியைக் கண்டால் மனைவி தபீதாளைக் கூப்பிடுவார். மேற்குத் தாம்பரத்தில் டீச்சராக இருந்த தபீதாள் துடைப்பத்தோடு வந்து, "ஆறடி வளர்ந்து என்ன புண்ணியம்" என்றபடி அதை விரட்டுவாள்.

பம்மல் பக்கத்துக் கல்குவாரிதான் வேதாசலத்தின் அமெரிக்கா. மத்தியானம் பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில் எல்லாரும் வேலிக்காத்தான் முள்மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேலே போனால் குதிரைகளும் கொள்ளைக்காரர்களும் அது மறைகிறவரை நிற்பார்கள். குதிரைகள் கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து ஓய்ந்தவை. அதில் ஒன்றின் மேல் முதல்முறை ஏற்றி உட்கார வைத்தபோது ஜீவரத்தினம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்களை இடுக்கி, பல்லைக் கடித்தார். படத்தில் அது பயங்கரமான கொடூரமாக விழுந்தது. "என்னா மூஞ்சி சார்" என்று வேதாசலம் பூரித்துப்போனார். அன்றிலிருந்து ஏழு வருஷம் அவர் பயந்தார், ஜனங்கள் அவரைப் பார்த்துப் பயந்தார்கள். வேலையை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சின்னப் பிள்ளைகள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதில் அவருக்கு ரகசியமாக ஒரு சந்தோஷமும் உண்டு.

இந்த ஏழு வருஷமும் அவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் கயிறு கிட்டு. கிட்டு கீழ்க்கட்டளைக்காரன், ஒல்லி, முப்பது வயது. முன்பு கயிற்றில் தொங்கி மாடிக் கட்டடங்களுக்கு வெள்ளையடித்தவன். இப்போது படக்கம்பெனியில் யார் விழுந்தாலும், பறந்தாலும், தொங்கினாலும் கயிறு கட்டுவது அவன்தான். சட்டைக்குள்ளே நெஞ்சைச் சுற்றித் தோல் பெல்ட் மாட்டி, முதுகில் கொக்கி போட்டு, ஒன்றுக்கு இரண்டுதரம் இழுத்துப் பார்ப்பான். அவன் கை படாத கயிற்றில் ஜீவரத்தினம் தொங்கமாட்டார்.

"நான் கீறேன்ல, இன்னாத்துக்குணா பேஜார் பண்ணிக்கிற?" என்பான் கிட்டு. அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்கு நடுக்கம் பாதி அடங்கிவிடும்.

சாவு சீன் எடுத்தால் சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவன் பிணமாகவே எழுந்து போகக்கூடாது. ஷாட் முடிந்ததும், காமிராவை அணைக்காமல், "சிரிச்சிடுங்க சார்" என்பார்கள். செத்தவன் கண்ணைத் திறந்து லென்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தத் துண்டை அப்புறம் வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனால் பிலிமில் அவன் கடைசியாக உயிரோடு பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது. பதினேழு தடவையும் ஜீவரத்தினம் மறக்காமல் சிரித்திருந்தார். வேதக்காரர் இதையெல்லாம் நம்பலாமா என்று தபீதாள் கேட்பாள் என்பதால் வீட்டில் இதைச் சொன்னதில்லை.

1989 அக்டோபரில் 'கல்மலைக் கழுகு' எடுத்தார்கள். அதில் அவருக்குத் தூக்கு. சவுக்குக் கட்டைகளை நட்டுத் தூக்குமேடை கட்டியிருந்தார்கள். கிட்டு பெல்ட்டை மாட்டி, கழுத்தில் இறுகாதபடி சுருக்கைப் போட்டு, மேடைப் பலகையைத் தட்டிவிட்டான். ஜீவரத்தினம் தொங்கினார், துடித்தார், அடங்கினார். வேதாசலம் கட் சொன்னார். கண்ணை மூடியபடியே ஜீவரத்தினம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். வரவில்லை. கண்ணைத் திறந்தால் காமிராமேன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். பிலிம் தீர்ந்துவிட்டது. வேறு ரோல் கைவசம் இல்லை.

"அதுக்கென்ன, அடுத்த ஷெட்யூல்ல எடுத்துக்கலாம்" என்றார் வேதாசலம், குடையை மடக்கியபடி.

செத்த ஆளுக்கு அடுத்த ஷெட்யூல் ஏது? அந்தப் படத்துக்கே இல்லாமல் போனது. பணம் போட்டவர் பின்வாங்கிவிட்டார், படம் பெட்டிக்குள் போனது, வேதாசலம் எங்கோ உறவினர் வீட்டோடு போய்விட்டார். ஜீவரத்தினம் எங்கேயோ ஒரு டப்பாவுக்குள் கழுத்தில் கயிறோடு தொங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரிதான் இருந்தார். அப்புறம் சம்பத் வந்தான். சின்ன வேஷம் போடுகிறவன், நாக்கு மட்டும் பெரியது. டீக்கடையில் விஷயத்தைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தான்.

"சிரிக்காமலா எறங்கின? வடபழனியில ஒருத்தர் இப்படித்தான் விட்டுட்டாரு. வருஷம் திரும்பல. சைக்கிள்ல போனவரு, நின்ன லாரியில மோதிட்டாரு. நின்ன லாரி மச்சான்."

ஓடுகிற லாரி என்றிருந்தால்கூட ஜீவரத்தினம் தாங்கியிருப்பார். நின்ற லாரி அவரை வளைத்துப் பிடித்துக்கொண்டது. நின்ற லாரியே கொல்லும் என்றால் உலகத்தில் எதுதான் கொல்லாது? ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தை எல்லாரும் தாண்டுகிற இடத்தில் நாலு ரயில் போகும்வரை நின்று, திரும்பி வீட்டுக்கே வந்துவிடுவார். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கவே மாட்டார். கியாஸ் அடுப்பு எரியும்போது சமையலறைப் பக்கம் போவதில்லை. சவரம் செய்ய பிளேடைத் தொடப் பயந்து தாடி விட்டார். சாப்பிடும்போது மீனில் முள் பார்த்துப் பார்த்து சோறு ஆறிப்போகும். படுத்துக் கண்ணை மூடினால் தூக்குமேடையில் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது நினைவு வரும். உடனே திறந்துவிடுவார்.

வேறு இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டன. ஜீவரத்தினம் கதையைக் கேட்டுவிட்டு, "நான் சாகாம இருக்க முடியுமா?" என்று கேட்டார். வில்லன் சாகவில்லை என்றால் கதாநாயகன் என்ன செய்வான், பூப்பறிப்பானா? அவர்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

தபீதாள் எத்தனை நாள் பொறுப்பாள்? ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள். அவர் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இத்தனை வருஷமா ஆண்டவர்கிட்ட ஜெபம் பண்றீங்க, ஒரு துண்டு பிலிம்கிட்டயா உயிரைக் கொடுத்து வெச்சிருக்கீங்க?"

மறுநாள் ஆயரிடம் கூட்டிப்போனாள். நல்ல மனுஷர் அவர். கேலி செய்யாமல் கேட்டார். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். ஜீவரத்தினத்தால் கண்ணை மூட முடியவில்லை. ஆயரும் தபீதாளும் மூடியிருந்த அத்தனை நேரமும் அவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று அன்றுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் எதுவும் அவர் பட்டதில்லை. வருஷம் திரும்ப இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

கிட்டுதான் வழி கண்டுபிடித்தான். வீட்டு வாசலில் வந்து நின்று, தாடியை மேலும் கீழும் பார்த்தான்.

"சிரிக்கணும், அவ்ளோதானே? சிரிச்சுட்டுப் போயேன். சாலமோன் சார் கைல மிச்ச பிலிம் கீதாம். விளம்பரப் படம் எடுத்ததுல மிஞ்சினது. குவாரில அந்தத் தூக்கு இன்னும் அப்படியே நிக்குது. பெல்ட்டு என்கிட்ட கீது. ஞாயித்துக்கெழமை காலைல வா, ரெண்டே நிமிஷம்."

சாலமோன் வேதாசலத்திடம் முன்பு வேலை பார்த்த காமிராமேன். அவருக்கும் இந்த வழக்கத்தில் நம்பிக்கை உண்டு. அதனால்தான் சம்மதித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தபீதாளைத் தனியாகக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஜீவரத்தினம் தாடியை எடுத்து, பழைய கறுப்புச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு பம்மலுக்குப் போனார். குவாரியில் ஆள் இல்லை. விடுமுறை. ஒரு வருஷ மழை வெயிலில் சவுக்குக் கட்டைகள் கறுத்திருந்தன. கிட்டு ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, புதுக் கயிறு கட்டி, சுருக்கை மாட்டி வைத்திருந்தான். சாலமோன் கொஞ்சம் தள்ளிப் பள்ளத்தில் காமிராவை நிறுத்திக் குனிந்திருந்தார்.

மேடைக்கு ஏழு படி. ஜீவரத்தினம் நாலு படி ஏறினார். அதற்கு மேல் கால் எழவில்லை. சுருக்கு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததை நேரில் பார்த்ததும் அவருக்கு நெற்றியும் முதுகும் நனைந்துவிட்டன.

"முடியல கிட்டு."

"சரி, இப்படிப் பண்ணலாம். முதல்ல நான் தொங்கிக் காட்றேன். சாலமோன் சாரும் போகஸ் வெச்சுக்கட்டும். நீ பாரு, ஒண்ணும் ஆவாது. அப்புறம் நீ ஏறு."

கிட்டு பெல்ட்டை எடுத்து நெஞ்சில் சுற்றிக்கொண்டு திரும்பி நின்றான். அவன் எத்தனையோ பேருக்கு அதை மாட்டியவன். அவனுக்கு மாட்டிவிட ஆள் தேவைப்பட்டது அன்றுதான்.

"பின்னால நீ மாட்டுணா. நல்லா இழுத்து."

ஜீவரத்தினம் மாட்டினார். அந்த பெல்ட் அவருடைய நெஞ்சளவுக்குத் துளை போட்டது. கிட்டு அவரில் பாதி. கடைசித் துளையில் மாட்டிய பிறகும் அவனுடைய முதுகுக்கும் தோலுக்கும் நடுவில் அவருடைய விரல்கள் நாலும் தாராளமாகப் போயின. லூஸாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் கிட்டு பெல்ட்டைக் கழற்றிவிடுவான், அப்புறம் தன் முறை வந்துவிடும். இந்த எண்ணம் வந்து போக ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சரியா கீதா?" என்றான் கிட்டு.

"ம்" என்றார் ஜீவரத்தினம்.

கிட்டு மேலே ஏறிக் கொக்கியைக் கயிற்றில் போட்டான், சுருக்கைக் கழுத்தில் மாட்டினான், தானே பலகையைத் தள்ளிவிட்டுத் தொங்கினான். காமிராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான். "பாத்தியாணா? இவ்ளோதான்" என்றான். அப்போது பெல்ட் விலாவிலிருந்து மேலே நழுவியது. அக்குள்வரை வந்தது. அவன் கைகளைத் தூக்கிக் கயிற்றைப் பிடிக்கப் பார்த்தான். கையைத் தூக்கியதால் பெல்ட் முழுசாக உருவிக்கொண்டுவிட்டது. அவனுடைய பாரம் எல்லாம் கழுத்துக்குப் போயிற்று.

சாலமோன் பள்ளத்திலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தார். ஜீவரத்தினம் பக்கத்தில்தான் நின்றார். காலைப் பிடித்துத் தூக்கினால் போதும். அவர் தூக்கினார், ஆனால் அவர் நகர்வதற்குள் எவ்வளவு நேரம் போயிற்று என்று அவருக்குத் தெரியாது. இருவரும் தூக்கிப் பிடித்துக் கயிற்றை அறுத்து இறக்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் போய்விட்டது என்று அங்கே சொன்னார்கள்.

போலீசில் சாலமோன் நடந்ததைச் சொன்னார், தொழில் பயிற்சியில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். பெல்ட்டை மாட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கயிறு கிட்டுவுக்கு இன்னொருவன் கயிறு கட்டியிருப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

வருஷம் திரும்பியது. ஜீவரத்தினத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரிக்காதவர் இருந்தார், சிரித்தவன் போய்விட்டான். அந்த வழக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதனால் அவருக்குத் தைரியம் வரவில்லை. முன்பாவது ஒரு துண்டு பிலிம் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினார். இப்போது எதுவும் காப்பாற்றாது என்று தெரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கதவு தட்டினால் புஷ்பம் வந்துவிட்டாள் என்று நினைத்து வெலவெலத்துப் போவார். புஷ்பம் கிட்டுவின் மனைவி. சாவு வீட்டில் அவள் அழுததைத் தெருமுனையிலிருந்துதான் கேட்டார், உள்ளே போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தபீதாளிடம் சொன்னார். நாலு விரல் போனதையும், வாயைத் திறந்து மூடியதையும், "ம்" என்றதையும் சொன்னார். தபீதாள் அவருடைய கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்றாள். "அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் கூட வரமாட்டேன்."

கீழ்க்கட்டளைக்கு பஸ் ஏறினார். ஏரிக்கரைப் பக்கம் கிட்டுவின் ஓலைக்கூரை வீடு. இறங்கியதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவள் கூச்சல் போடுவாள், தெருவே கூடும், அடிப்பார்கள், போலீசுக்கு இழுத்துப் போவார்கள். பதினெட்டுப் படங்களில் தன்னைச் சூழ்ந்த கூட்டமெல்லாம் நிஜமாக அங்கே காத்திருப்பது போல இருந்தது.

புஷ்பம் வாசலில் உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவரைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டோம் என்று தெரியும்.

"அந்த பெல்ட்டை மாட்டினது நான்தாம்மா. அது அவனுக்கு லூஸா இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. சொன்னா நான் ஏற வேண்டியிருக்கும்னு பயந்து சொல்லாம விட்டுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். புஷ்பம் கூச்சல் போடவில்லை. அவள் கையில் இருந்த நாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள். பக்கத்து வீட்டில் யாரோ துணி அடித்துத் துவைத்தார்கள். அவ்வளவு நேரம் ஒரு மனுஷர் நின்ற இடத்தில் நிற்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"காலைல போம்போது சொல்லிட்டுத்தான் போச்சு" என்றாள் கடைசியில். "எங்க போறன்னு கேட்டேன். ஜீவாண்ணன் ஒரு வருஷமா பயந்து பயந்து செத்துகினு கீறாரு, இன்னியோட அந்த பயத்த எடுத்துட்டு வந்துர்றேன்னுச்சு."



அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் அவள் கேட்டது அந்தக் கோபத்தோடு அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"போச்சாண்ணா அந்த பயம்?"

ஜீவரத்தினத்துக்கு முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. வேட்டி மறைத்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் அவன் எதற்காகப் போனான்? ஏழு வருஷம் பயத்தை வைத்துக்கொண்டு கொடூரமாக நடித்தவர், முதல்முறையாக அதை மறைத்து நடிக்க வேண்டியிருந்தது. அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தார்.

"போச்சும்மா" என்றார்.

"அப்படின்னா சரி" என்று சொல்லி அவள் மறுபடி உட்கார்ந்து பூவை எடுத்தாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவர் விடைபெற்று ஏரிக்கரைத் தெருவில் இறங்கினார். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்ததால் வேகமாக நடக்கவில்லை. எதிரே ஒரு தண்ணி லாரி சந்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள உடம்பு துடித்தது. அவர் அதற்கு வழி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் விட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, பயமே இல்லாதவர் போலத் தெருமுனை வரைக்கும் நடந்து போனார்.